வாசலில் நின்றவள்

வேறு ஆள் கிடைக்காததால்தான் ஹைட்ருன் நோவாக்குக்கு அந்த வேலை வந்தது. பிறர் சொல்லிக் காட்டுவதற்கு முன்னால் அவளே அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். லவுசிட்ஸ் சீமையின் நிலக்கரி நகரம் அது. அங்கிருந்த நகர அரங்கத்தில் இருபத்தொரு வருடமாக அவள் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேடை விளிம்பில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு முக்காலி, முழங்காலில் கம்பளி, மடியில் பிரதி. நடிகன் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் அடுத்த வார்த்தையை மூச்சோடு மூச்சாக அனுப்ப வேண்டும். பிப்ரவரியில் அரங்கத்தின் டிராமடுர்க், பெரிய நகரத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிட்டான். ஏப்ரலில் புது நாடகம் அரங்கேற வேண்டும். அரங்கத் தலைவர் ஹைட்ருனைக் கூப்பிட்டு, பிரதியெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு, இந்த ஒரு நாடகத்துக்கு நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

டிராமடுர்க் என்றால் என்ன வேலை என்று அந்த ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இயக்குநர் இயக்குகிறார், நடிகர் நடிக்கிறார், தச்சர் ஆணி அடிக்கிறார். இந்த ஆள் மட்டும் கையில் பென்சிலோடு ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒத்திகை முடிந்ததும் இயக்குநரின் காதில் ஏதோ சொல்வார். இயக்குநர் முகம் கோணும். வெளியே தெரிந்தது அவ்வளவுதான்.

"அதாவது மத்தவங்க செய்ற வேலையைப் பாத்துக் குறை சொல்றது" என்றான் அவள் கணவன் லோதார்.

"குறை சொல்றது இல்ல. நாடகம் எங்க ஓடுது, எங்க நொண்டுதுன்னு பாத்துச் சொல்றது."

"அதைத்தான் நானும் சொன்னேன். வீட்ல இத்தனை வருஷம் இனாமா செஞ்ச. இப்ப அங்க சம்பளத்துக்குச் செய்யப்போற."

இயக்குநர் ஃபால்கோ லைப்ட்சிக் நகரத்திலிருந்து வந்தவன். முப்பத்தாறு வயது. நாடகத்தின் பெயர் 'பள்ளம்'. நிலக்கரிக்காகக் காலி செய்யப்பட்ட மில்கோ என்ற கிராமத்தின் கதை. பழைய ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்து, பேசவைத்து, பதிவு செய்து, அந்தப் பேச்சிலிருந்தே நாடகத்தை உருவாக்குவதாகத் திட்டம். போன டிராமடுர்க் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஒலிநாடாக்களையும் குறிப்புகளையும் விட்டுப் போயிருந்தான். பிரதி என்று ஒன்று இன்னும் முழுசாக இல்லை. காலையில் ஒரு காட்சி முளைக்கும், மாலைக்குள் செத்துவிடும்.

மேடையில் மூன்று டன் மணல் கொட்டியிருந்தார்கள். ஃபால்கோவின் யோசனை. காய்ந்தால் தூசி கிளம்பி நடிகர்களுக்குத் தொண்டை கட்டும் என்று தினமும் காலையில் பூவாளியால் தெளித்தார்கள். தெளித்தால் கால் நனைந்து சளி பிடித்தது. அந்த மணல் ஹைட்ருனின் காலணியிலும் கால்சட்டை மடிப்பிலும் கைப்பையிலும் ஏறி வீடுவரை வந்தது. லோதார் சமையலறைத் தரையைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்றான். சுரங்கம் மூடிய பிறகு அவனுக்கு, பழைய பள்ளத்தில் நிரம்பிக்கொண்டிருந்த ஏரியில் தண்ணீர் மட்டம் அளக்கும் வேலை. கரையில் ஒரு தகரக் குடிசை, ஓர் இரும்பு அடுப்பு, ஓர் அளவுகோல். தினமும் ஓர் எண்ணை எழுதிவிட்டு வருவான். மில்கோ அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கோ இருந்தது.

முதல் இரண்டு வாரம் ஹைட்ருன் தனக்குத் தெரிந்ததையே செய்தாள். நடிகர்கள் எந்த வார்த்தையை விட்டார்கள், எதை மாற்றிச் சொன்னார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தாள். ஃபால்கோ ஒருநாள் அந்தத் தாளை மடித்து அவளிடமே திருப்பித் தந்தான்.

"நீங்க இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளயே உக்காந்திருக்கீங்க, ஹைட்ருன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. எங்க உங்களுக்குக் கொட்டாவி வந்துச்சு? எதை நீங்க நம்பல?"

அவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் இருபத்தொரு வருடத்தில் அவள் ஒரு நாடகத்தையும் பார்த்ததில்லை. கண் எப்போதும் தாளில்தான். அத்தனையையும் கேட்டிருக்கிறாள், அவ்வளவே. அடுத்த நாளிலிருந்து பென்சிலைப் பையில் போட்டுவிட்டு மேடையைப் பார்க்க முயன்றாள். பழக்கமில்லாத கண் எதையெதையோ பார்த்தது: ஒருவன் சட்டைப் பொத்தான், விளக்கில் சுற்றும் பூச்சி. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று வரி தேறவில்லை. ஃபால்கோ அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு வசவைவிட மோசம்.

மார்ச் முதல் வாரத்தில் வாசல் காட்சி வந்தது.

அந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1984இல் மில்கோவின் கடைசி வீடுகளை இடித்தபோது, ஒரு வீட்டின் மகள் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்று, என்மேல் ஏற்றிவிட்டுப் போ என்றாள். புல்டோசரில் உட்கார்ந்திருந்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன். அந்த மகள் மார்லீஸ். அந்த அண்ணன் லோதார். அன்றிலிருந்து இருபத்துநாலு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் மார்லீஸ் இருந்தாள். கடையில் எதிர்ப்பட்டால் ஒருவர் ரொட்டிப் பக்கமும் மற்றவர் சோப்புப் பக்கமும் திரும்பிக்கொள்வார்கள்.

ஹைட்ருன் லோதாரைக் கல்யாணம் செய்தது இரண்டு வருடம் கழித்து. கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை கேட்டாள். நான் ஓட்டவில்லை என்றான். இடிப்புக் குழுவில் இருந்தது உண்மை, அந்த வண்டி அவனுடையது என்பதும் உண்மை. அன்றைக்கு வேறொருவனை ஓட்டச் சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த வேறொருவன் செத்தும் போய்விட்டான். ஹைட்ருன் ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி அப்படித்தானே சொல்வாள் என்பதுபோலச் சிரித்தார்கள். நீ வாயைத் திறந்து சொல்லேன் என்று எத்தனையோ முறை அவனிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். சுவரிடம் பேசியிருக்கலாம்.

இப்போது அதே காட்சி மேடையில். மார்லீஸாக நடித்த ஸ்வென்யா மணலில் கையை விரித்து நின்று கத்தினாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அண்ணனாக நடித்த குண்டுப் பையன் வண்டிக்குப் பதிலாக வைத்த ஓர் இரும்பு மேடையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான். ஃபால்கோ கையைத் தட்டினான்.

ஒத்திகை முடிந்ததும் ஹைட்ருன் அவனிடம் போய், அவர் ஓட்டவில்லை என்றாள்.

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

ஃபால்கோ பொறுமையாகவே பதில் சொன்னான். மேடையில் இருப்பது ஓர் அண்ணன், லோதார் இல்லை. ஊரே இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஊர் சொல்வதுதான் நம் நாடகத்தின் பொருள். "டிராமடுர்க்கா உங்களுக்கு ஏதாவது தோணினா சொல்லுங்க, கேக்கறேன். பெண்டாட்டியாச் சொன்னா நான் என்ன பண்றது?"

 அந்தக் கேள்விதான் அவளை வீடுவரை எரித்தது.

லோதார் அன்று அவித்த உருளைக்கிழங்குக்கு மேல் தயிர்க்கட்டியும் ஆளிவிதை எண்ணெயும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னாள். அவன் எண்ணெயைக் கிழங்கோடு நிதானமாகப் பிசைந்தான்.

"போடட்டும்."

"போடட்டுமா? ஊரு பூரா டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கப்போவுது. அதுல என் பேரும் டிராமடுர்க்னு அச்சடிச்சிருப்பாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு. அன்னிக்கு லீவு போட்டுட்டு எங்க போன?"

"மார்லீஸைப் போய்க் கேளு."

"அவதான் ஊரு பூரா சொல்லிட்டிருக்காளே."

"அப்ப அவ சொல்றதுதான்."

இப்படியே அரைமணி நேரம். கடைசியில் அவள், இத்தனை வருடமாக ஒரு மரக்கட்டையோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் தட்டைக் கழுவி வைத்தான். குளிர்க்கோட்டு, தேநீர்க் குடுவை, ஒரு ஜாடி ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டான். உன் நாடகம் முடிகிறவரை நான் ஏரிக்கரையில் இருந்துகொள்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராத்திரிக்குள் வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் சுத்தமான காலுறைகளை ஒரு பையில் போட்டு, குடிசைக் கதவில் மாட்டிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பினாள். அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் ஸ்வென்யா ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்வி. "வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் உள்ள என்ன பண்ணிட்டிருந்தேன்? பாத்திரம் கழுவினேனா, மூட்டை கட்டினேனா? கை ஈரமா இருந்துச்சா? எங்கிருந்து வர்றேன்னு தெரியாம எப்படி ஓடி வர்றது?" ஃபால்கோ அது முக்கியமில்லை என்றான். ஸ்வென்யா முக்கியம் என்றாள். பத்து நிமிடம் வாக்குவாதம். ஃபால்கோ சலித்துப்போய், ஹைட்ருன், அந்தப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள் என்றான்.

அவள் அட்டைப்பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துப்போனாள். மார்லீஸின் குரல் மூன்று இடத்தில் இருந்தது. 1991இல் தேவாலயத்தில் நடந்த நினைவுக்கூட்டம். '99இல் உள்ளூர் வானொலி. இந்தக் குளிர்காலத்தில் போன டிராமடுர்க் எடுத்த பேட்டி. வெளியே மூடுபனி. சிற்றுண்டிச் சாலையிலிருந்து வாங்கி வந்த சோல்யாங்கா சூப் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டாள். கை ஈரமா என்று எதிலும் இல்லை. இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை, தன்னை அறியாமல் அவள் உதடு அசைந்தது. மார்லீஸுக்கு அரை நொடி முன்னால் அவள் அடுத்த வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நாடாவை நிறுத்தினாள்.

பதினேழு வருடத்தில் மூன்று முறை. ஒரு வார்த்தை மாறவில்லை. 'ரெண்டு கையையும் விரிச்சேன்' என்ற இடத்துக்கு முன்னால் ஒரே இழு மூச்சு. 'ஏத்திட்டுப் போ' என்ற இடத்துக்குப் பின்னால் ஒரே இருமல். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவான், திருத்துவான், இல்லை இல்லை அதற்கு முன்னால் என்று திரும்பிப் போவான். தடுக்காமல் சொல்கிறவன் பாடம் ஒப்பிக்கிறவன். இருபத்தொரு வருடம் பெட்டிக்குள் உட்கார்ந்து ஹைட்ருன் கற்றது அந்த ஒன்றைத்தான். இது மனப்பாடம். வீடு இடிகிறது, தூசி இல்லை, சத்தம் இல்லை, வண்டி என்ன நிறம் என்பதுகூட இல்லை. மார்லீஸ் அங்கே இல்லை.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.  கோபம்தான் வந்தது: மார்லீஸ் மேல், வாயைப் பூட்டிக்கொண்ட லோதார் மேல், இருபத்துநாலு வருடமாக இதைக் கேட்காமல் விட்ட தன் காது மேல்.

மார்லீஸ் பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஹைட்ருன் போனபோது ஜன்னல் திரைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நாடகத்துக்காக வந்திருக்கிறேன் என்றதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்தக் கதையை ஆரம்பித்தாள். இழு மூச்சு வந்தது. இருமல் வந்தது.

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்த, மார்லீஸ்?"

"எதுக்கு முன்னாடி?"

"வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி. காலைல."

மார்லீஸ் திரையைத் திருப்பிப் போட்டாள். "உள்ள இருந்தேன்."

"அடுப்பை எல்லாம் முந்தின வாரமே பிடுங்கிட்டாங்களே. மார்ச்சு மாசம். நெருப்பில்லாத வீட்டுக்குள்ள என்ன பண்ணின?"

"லோதார் அனுப்பினானா உன்னை?"

"அவன் ஏரிக்கரைல குடிசைல போய் உக்காந்திருக்கான். வாயே திறக்கல. இருபத்துநாலு வருஷமா திறக்கல."

அது மார்லீஸை எங்கோ தொட்டது. ஆனால் அவள் சொன்னது, போய் உன் வேலையைப் பார் என்பதுதான். மார்லீஸ் கதவைச் சாத்தும் முன் ஹைட்ருன், நீ சொல்லாத எதையும் நான் அங்கே எழுத மாட்டேன் என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

படியிறங்கும்போதே அந்த வாக்கை அவள் நொந்துகொண்டாள். வாக்கைக் காப்பாற்றினால் லோதார் ஊருக்கு இன்னொரு முறை வில்லன். உடைத்தால் மார்லீஸ் வெளியே தலை காட்ட முடியாது. இரண்டையும் சொல்லாமல் அந்தக் காட்சியை எப்படி நீக்கச் சொல்வது?

அன்றைய ஒத்திகையை ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, முதல்முறையாக, வேறு எந்த நினைப்பும் இல்லாமல் பார்த்தாள். யார் ஓட்டினார்கள் என்பதை விட்டுவிட்டாள். மேடையில் என்ன நடக்கிறது? ஸ்வென்யா கத்தினாள், வண்டி நின்றது, விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு இன்னும் ஐம்பது நிமிட நாடகம் இருந்தது. அந்த ஐம்பது நிமிடமும் நடிகர்கள் மணலை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹைட்ருன் நேராக ஃபால்கோவிடம் போனாள்.

"உங்க நாடகம் நாப்பதாவது நிமிஷத்துலயே முடிஞ்சுபோவுது."

"என்ன?"

"அவ நல்லவ, அவன் கெட்டவன். தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் எதைத் தெரிஞ்சுக்க உக்காந்திருக்கணும்? ஸ்வென்யா அழற அழுகைக்கு எனக்கு அழுகை வரல. அவளே எல்லாத்தையும் அழுது முடிச்சுட்டா."

 இது பெண்டாட்டி பேச்சு இல்லை என்று ஃபால்கோவுக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இது இருப்பதிலேயே நல்ல காட்சி, இதற்காகத்தான் மூன்று டன் மணல், இதை எடுத்தால் பதிலுக்கு என்ன வைப்பது என்று நடந்துகொண்டே பேசினான். எனக்குத் தெரியவில்லை என்றாள் ஹைட்ருன். நொண்டுகிற இடத்தைச் சொல்லிவிட்டு மருந்து தெரியாது என்பது என்ன வேலை என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். கடைசியில் பழைய மில்கோக்காரர்களைக் கூப்பிட்டு ஒருநாள் ஒத்திகையைக் காட்டுவோம், அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று ஒத்துக்கொண்டான்.

வந்தது முப்பது பேருக்கு மேல். பாதிப் பேர் பிளம் கேக்கோடு வந்தார்கள். நாடகம் நடக்கும்போதே, அது ஷுப்பான் வீட்டுக் களஞ்சியம் இல்லை, அதற்கு இடப்பக்கம்தான் என்று ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். ஃபால்கோ நகத்தைக் கடித்தான். மார்லீஸ் எட்டாவது வரிசையில், ஹைட்ருனுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வாசல் காட்சி வந்ததும் முப்பது தலையும் அவள் பக்கம் திரும்பின, பயபக்தியோடு. ஸ்வென்யா கையை விரித்தாள், கத்தினாள், அழுதாள். சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். பின்னால் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. மார்லீஸ் எழுந்து போய்விட்டாள்.

சிற்றுண்டிச் சாலையில் ஆள் இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. ஹைட்ருன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு என்னா அழுகை அழுவுது" என்றாள் மார்லீஸ். "நான் அழவே இல்ல."

"சரி."

"சரின்னு சொல்லாத. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அடுப்பைக் கேட்டியே அன்னிக்கே தெரியும்." அவள் மேசையில் இருந்த உப்புக்குப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "நான் தொட்டில இருந்தேன்."

"எந்தத் தொட்டி?"

"குளியல் தொட்டி. புது வீட்ல. இப்ப இருக்கேனே, அதே வீடு. சாவி குடுத்து நாலு நாள் ஆச்சு. மில்கோல நாங்க எப்படிக் குளிச்சோம்னு உனக்குத் தெரியாது. சனிக்கிழமை, தகர அண்டாவுல, அப்பா குளிச்ச தண்ணில அம்மா, அம்மா குளிச்ச தண்ணில லோதார், கடைசில நான். இருபத்தெட்டு வருஷம். அன்னிக்கு எங்க வீட்டை இடிக்கப்போறாங்கன்னு தெரியும். பத்து மணிக்குன்னு தெரியும். போகணும்னுதான் எழுந்தேன். கையை மட்டும் கழுவலாம்னு குழாயைத் திறந்தேன். சுடு தண்ணி வந்துச்சு. வந்துகிட்டே இருந்துச்சு. தொட்டி ரொம்பிச்சு. உள்ள இறங்கிட்டேன். பத்து மணி அடிச்சுது, கேட்டுச்சு. ஆறினப்ப இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன்."

 எடுத்துக்கொடுக்கக் கூடாத இடம் எது என்பதும் ஹைட்ருனுக்குத் தெரியும்.

"மத்தியானம் மணி அடிச்சான் லோதார். கதவைத் திறந்தேன். தலை சொட்டச் சொட்ட ஈரம். அவன் ஞாயித்துக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான், மேலெல்லாம் செங்கல் தூசி. வீட்டை இடிக்கறப்ப அவன் ஒருத்தன்தான் அங்க போய் நின்னிருக்கான். கோட்டுக்குள்ள பூனை. அம்மாவோட பூனை. நான் அதை மறந்துட்டே வந்திருந்தேன், ஹைட்ருன். அவன் என் தலைமுடியைப் பாத்தான். பாத்துட்டு, 'தண்ணி நல்லா வருதா?'ன்னு கேட்டான். பூனையை உள்ள விட்டுட்டுப் போய்ட்டான். அந்த ஒரு வார்த்தை. செருப்பால அடிச்சிருக்கலாம்."

கடையில் பெண்கள், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டபோது வாசலில் நின்றேன் என்று வாயில் வந்துவிட்டதாம். யார் ஓட்டினது என்று கேட்டார்கள். அவள் பேர் சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

சொல்லி முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "போட்டுக்கோ. பேரை மாத்திடு."

"பேரை மாத்தினாலும் ஊருக்குத் தெரியும்."

"தெரியட்டும். என்கிட்ட வந்து கேட்டா அது நான் இல்லைன்னு சொல்லுவேன். ஆனா அந்தப் பொண்ணை அழ வேண்டாம்னு சொல்லு. எரிச்சலா இருக்கு."

ஃபால்கோவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. கத்தல் இல்லை, வண்டி இல்லை, ஒருத்தி குளிக்கிறாள், இது நாடகமா என்றான். ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்று ஹைட்ருன் மேடைத் தச்சரிடம் சொல்லி ஒரு பழைய தொட்டியை மணலுக்கு நடுவே வைக்கச் செய்தாள். ஸ்வென்யா உடையோடு உள்ளே உட்கார்ந்தாள். மேடையின் மறுபக்கம் குண்டுப் பையன் கோட்டு போட்டுக்கொண்டு ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து நின்றான். தண்ணீர்ச் சத்தம் மட்டும். நிமிடங்கள் போயின. விளக்குக்காரர்கூட இருமவில்லை. பிறகு பையன் நடந்து வந்து, தண்ணி நல்லா வருதா என்றான். உடனே ஃபால்கோ பக்கம் திரும்பி, இதை எப்படிச் சொல்வது, குத்தலாகவா என்று கேட்டான். குத்தலாக, என்றான் ஃபால்கோ. பையன் அப்படியே சொன்னான். காட்சி சட்டென்று சின்னதாகிவிட்டது.

"சும்மா கேளு" என்றாள் ஹைட்ருன் ஏழாவது வரிசையிலிருந்து. "தண்ணி வருதான்னு தெரியாதவன் கேக்கற மாதிரி. குத்தலா இல்லையான்னு அவ முடிவு பண்ணட்டும்."

சும்மா கேட்டான். ஸ்வென்யாவின் முகம் என்னவோ ஆனது. ஃபால்கோ வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "மணலை எடுக்க மாட்டேன்" என்றான். அப்படியே ஆகட்டும் என்றாள்.

அரங்கேற்றத்துக்கு மார்லீஸ் வரவில்லை, லோதாரும் வரவில்லை. தொட்டிக் காட்சியில் மில்கோக்காரர்கள் அசையாமல் இருந்தார்கள். நாடகத்துக்குப் பின் நடந்த பேச்சில் பல்செட் கட்டிய ஒரு பெண்மணி எழுந்து, எங்கள் வீட்டிலும் அன்றைக்கு முதல் வேலையாக எல்லோரும் குளித்தோம், யாரிடமும் சொன்னதில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் தலையாட்டினார்கள். விளம்பரத்தாளில் ஹைட்ருனின் பெயரை 'ஹைட்ரூட்' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பற்றிச் சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை.

நாடகத்தின் மூன்றாவது ஆட்டம் ஞாயிறு பகலில். விளக்கு அணைவதற்கு முன் கடைசி வரிசையில், கதவோரம், லோதார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஏரியில் யாரோ அவனிடம், நாடகத்தில் அண்ணன் வண்டி ஓட்டவில்லையாமே என்று சொல்லியிருக்க வேண்டும். முடிந்ததும் தேடினாள், இல்லை. வீட்டுக்கு வந்தால் அவன் சமையலறையில் இருந்தான். கிழங்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்துத் தாடி. காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான்.

"அந்தப் பையன் சரியாத்தான் கேட்டான்" என்றான்.

"என்ன?"

"சும்மாத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அவ அதை இப்படியா எடுத்துக்கிட்டா?"

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் எத்தனை வருஷம் வசனம் எடுத்துக்குடுக்கணும்?" அவள் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, அவன் காதில் வைத்துவிட்டுக் கிழங்கை வடிக்கப் போனாள்.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் போலிருந்தது.  ஆவி அடித்து ஹைட்ருனின் கண்ணாடி மங்கியது, துடைக்காமல் நின்றாள்.

"நான்தான்" என்றான் லோதார். "இல்ல, நீ வைக்காத. அந்தக் கட்டடத்துல மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாதுன்னு குழாய்க்காரன் சொல்லியிருந்தான். அதான் அன்னிக்குக் கேட்டேன். ஏறுதா இல்லையான்னு."

 பிறகு தொலைபேசிக்குள் மார்லீஸின் குரல், கரகரவென்று, தடுக்கித் தடுக்கி வந்தது. ஹைட்ருனுக்கு நின்ற இடத்திலிருந்தே கேட்டது. ஏறியது, மூணு வாரம், இல்லை இல்லை, ஈஸ்டர் வரைக்கும், அதற்கப்புறம் நின்றுபோச்சு, பத்து வருஷம் கீழேயிருந்து வாளியில் சுமந்தேன் என்றாள்.

லோதார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்ல."